காம்பு நனையும் வரை

பிப்ரவரி 11

அண்ணா,

இது சமாதானக் கடிதம் இல்லை.

பார்சலில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைல். ரூட் கேனால் செய்யும்போது மோட்டாரில் மாட்டிப் பல்லின் வேருக்குள் சுழலவிடும் மெல்லிய கம்பி. உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பியின் நிக்கல்-டைட்டானியத்தோடு குடும்பமே நடத்துகிறவன் நீ.

சிவப்பு மூடி போட்ட குப்பியைத் தனியாக வை. உன் கடைவாய்ப் பல்லுக்குள் உடைந்ததே, அந்த ஃபைலின் மிச்சம். முனை உன்னிடம் இருக்கிறது.

உடைந்த நொடியிலேயே உன்னிடம் சொன்னேன். வாயைத் திறந்தபடியே தலையாட்டினாய். மரப்பு தெளிந்ததும் எழுந்து வரவேற்பறைக்குப் போய், பெரிய டாக்டர் முன்னால், நர்சுகள் முன்னால், வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சொன்னாய்: "என் தங்கச்சி கையே அப்படித்தான் டாக்டர். ஸ்கூல்ல பென்சில் எடுத்தாலே முனை ஒடிஞ்சிடும். அவ்வளவு கனம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உனக்குப் பிறகு இன்னும் இரண்டு உடைந்தன. ஒரு டீச்சர். ஒரு பஸ் டிரைவர். இருவரிடமும் உடனே சொன்னேன். டிரைவர் போனதும் பெரிய டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "கொஞ்ச நாளைக்கு வேர் வேலை வேண்டாம்மா. கை கனம்னு உங்க அண்ணனே சொன்னாரே."

இப்போது பல் பிடுங்குகிறேன். கறை எடுக்கிறேன். ரூட் கேனால் எல்லாம் புதிதாக வந்த ஜூனியருக்கு. அவனுக்குப் பூப்போன்ற கையாம்.

ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மேசை வேலை வந்திருக்கிறது. மற்ற டாக்டர்கள் அனுப்பும் எக்ஸ்ரேக்களைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று குறிக்க வேண்டும். வாயே திறக்காத பற்கள். ஏப்ரலில் சேர வேண்டும்.

என் கேள்வி ஒன்றுதான். நுண்ணோக்கியில் வைத்துப் பார். உடைத்தது என் கையா?

கைதான் என்றால் போய்விடுகிறேன். யாருடைய வேருக்குள்ளும் இன்னொரு துண்டை விட்டுவிட்டு என்னால் தூங்க முடியாது.

போன் செய்யாதே. போனில் நீ முதலில் சிரிப்பாய்.

தங்கை


பிப்ரவரி 20

பல்லிக்கு,

பல் டாக்டரானதும் நான் வைத்த பெயர். இன்னும் செல்லுமா தெரியவில்லை. கடிதத்தின் அடியில் 'தங்கை' என்று போட்டிருப்பதைப் பார்த்தால் செல்லாது போலிருக்கிறது. நீ எனக்கு வைத்த 'துரு' இங்கே நன்றாகவே செல்கிறது. உலோகம் அரிப்பதை ஆராயும் அரிமான ஆய்வகத்தில் அது பட்டப்பெயர் இல்லை, பதவி.

எங்கள் ஆய்வகம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓடும்போது யாரும் நடக்கக்கூடக் கூடாது, படம் ஆடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பு மூடிக்காரனைப் பார்த்தேன். ஒரு முறிவுக்கு இரண்டு முகம். ஒன்று என் திரையில் மலைச்சரிவு மாதிரி விரிந்து கிடந்தது. மற்றது என் தாடைக்குள். நாக்கு தானாக அங்கே போனது. இதுவரை எந்த மாதிரியையும் நான் நாக்கால் தொட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபைல் இரண்டு விதமாக உடையும். முனை மாட்டிக்கொண்டபிறகும் விடாமல் அழுத்திச் சுழற்றினால், முறுக்கிக்கொண்டு உடையும். அப்போது அதன் சுருள்கள் பிரிந்திருக்கும். உன் ஃபைல்களில் சுருள் எதுவும் பிரியவில்லை. எல்லாம் இரண்டாம் வகை. வளைந்த வேருக்குள் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். களைத்துப்போய் ஒரு விரிசல் விழும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. திடீரென்று போய்விடும்.

ஆக, நீ முரட்டுத்தனமாக அழுத்தவில்லை. ஆனால் கை தப்பித்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. வளைவில் அதிக நேரம் நிறுத்திச் சுழலவிட்டாலும் இப்படித்தான் உடையும். அதுவும் கைதானே. ஒரு ஃபைலை எத்தனை பல்லுக்குப் பயன்படுத்துகிறீர்கள்? அதை எழுது.

திரவத்தைப் பற்றி நீ அடுத்துக் கேட்பாய். கேட்காதே. நீங்கள் வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட்டில் இந்த உலோகத்தை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தவர்கள் நாங்கள். அதன் மேல் இயல்பாகவே ஒரு ஆக்சைடுத் தோல் இருக்கும். அது அசையாது. உன் ஃபைல்களில் அங்கங்கே சில குழிகள் தெரிகின்றன. தயாரிப்பிலேயே வந்திருக்கலாம்.

வரவேற்பறையில் சொன்னது வெறும் ஜோக். அதை ஒருவர் வேலை உத்தரவாக எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது?

துரு


பிப்ரவரி 28

அண்ணா,

வெறும் ஜோக்.

இந்த இரண்டு வார்த்தையை எழுதி அடித்தேன், திரும்ப எழுதினேன். சரி, போகட்டும்.

ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் ஃபைலின் ரப்பர் வளையத்தில் ஒரு கீறல் போடுவோம். கீறலுக்கு இடமில்லாமல் போனால் குப்பை. பெரிய டாக்டருக்கும் அதே கணக்கு, எனக்கும் அதே கணக்கு. ஒரே பெட்டி. ஒரே மோட்டார். கிருமி நீக்க ஒரே ஆட்டோக்ளேவ். அவருடையது உடைவதில்லை. மிச்சம் என்ன இருக்கிறது? நீயே சொல். கைதான்.

சொல்லப்போனால் அவருடையதைவிட என் ஃபைல்கள்தான் சுத்தம். அவர் ஈரப் பஞ்சில் குண்டூசி மாதிரி குத்தி நிறுத்தி வைப்பார். முனை மட்டும் நனையும். எனக்கு அது போதாது. ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் எல்லா ஃபைலையும் வெதுவெதுப்பான ஹைப்போகுளோரைட்டில் முழுசாகப் போட்டுவிடுவேன். இன்னொருவர் வாயிலிருந்து ஒரு துணுக்குக்கூட அடுத்த வாய்க்குப் போகக் கூடாது. அதற்கென்றே ஒரு கண்ணாடிக் கிண்ணம், அடியில் சூடேற்றும் தட்டு. உதவிக்கு நிற்கும் அக்கா கேட்பார்: "டாக்டர், உப்பு போடட்டுமா?" அதற்கப்புறம்தான் ஆட்டோக்ளேவ். சிரி. சோப்பையே சோப்புப் போட்டுக் கழுவுகிறவள் என்று வீட்டில் என்னை ஓட்டியவன்தானே நீ.

எல்லாம் செய்தும் உடைகிறது. அதனால்தான் சொல்கிறேன், கை.

இப்போதெல்லாம் அதை வேவு பார்க்கிறேன். கதவைத் திறக்கும்போது, பட்டன் போடும்போது. நேற்றுச் சமையல் தராசில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது மெது என்று தெரியவேண்டுமே. அம்மா பின்னால் வந்து நின்றாள். "என்னடி, விரலை விக்கப் போறியா?"

"இல்லம்மா, எடை பாக்குறேன்."

"எடை பாத்துட்டு எலும்போட தருவியா, எலும்பு இல்லாமலா?"

சிரித்தேன். பிறகு குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் கதவைத் தட்டவில்லை. அவளும் தெரிந்துதான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். மேசைக்குப் போகிறேன். குப்பிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.


மார்ச் 6

பல்லி,

கிண்ணம்.

முழுசாக என்றால் முழுசாகவா? ஃபைலை மோட்டாரில் மாட்டும் அந்தப் பித்தளைக் காம்பு, தங்க முலாம் பூசியது, அதுவும் திரவத்துக்குள் மூழ்குமா? எவ்வளவு நேரம்?

எங்கள் ஆய்வகத்தில் காம்பே கிடையாது. மாதிரியைப் பிடிப்பானில் பொருத்த வேண்டும், காம்பு இடிக்கும். அதனால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகச் சின்ன ரம்பத்தால் காம்பை அறுத்து எறிந்துவிடுவோம். சோதனை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா. நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. குப்பைத்தொட்டியில் குனிந்து பார்த்தேன், அடியில் தங்கமாக மின்னிக்கொண்டு கிடக்கிறது.

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே உப்புத் திரவத்தில் நின்றால் அது ஒரு சின்ன பாட்டரி. அவற்றில் ஒன்று கரையத் தொடங்கும். ஆக்சைடுத் தோல் அசையாது என்று உனக்கு எழுதினேன். அது தனியாக நிற்கும்போது அசையாது. ஜோடியாக நின்றால் என்ன ஆகும் என்று என் மேசையில் யாரும் பார்த்ததே இல்லை. ஏனென்றால் ஜோடியை நாங்களே பிரித்துவிடுகிறோம்.

உடனே அனுப்பு: அதே பெட்டியிலிருந்து பிரிக்காத ஃபைல்கள். உன் கிண்ணத்துத் திரவம் ஒரு குப்பி. பெரிய டாக்டர் குப்பையில் போட்ட பழைய ஃபைல்கள் கொஞ்சம்.

அந்த மேசைக்காரர்களுக்குச் சம்மதம் சொல்லாதே.


மார்ச் 13

அண்ணா,

கேட்டதெல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஆமாம், காம்பும் மூழ்கும். காம்பில்தானே நாங்கள் கை வைக்கிறோம், அதுதானே அதிக அழுக்கு. ஒருவர் போய் அடுத்தவருக்கு வாய் மரத்துப்போகும் வரை உள்ளே கிடக்கும். கூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். பெரிய டாக்டரின் பழைய ஃபைல்களை உதவிக்கு நிற்கும் அக்கா எடுத்துக் கொடுத்தார். "எதுக்கு டாக்டர், சூனியம் வெக்கவா?" என்று கேட்டார்.

சம்மதம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். ஏப்ரல் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். மேசையைக்கூடக் காட்டினார்கள். ஜன்னல் பக்கம். நாற்காலி சுழலும். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். அந்தப் பல் யாருடையது என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கு எதுக்கு மேடம், நம்பர்தான்" என்றார். நல்ல மனிதர்.

இங்கே அந்த பஸ் டிரைவர் மறுபரிசோதனைக்கு வந்தார். எக்ஸ்ரேயில் துண்டு அசையாமல் இருக்கிறது. வேரைச் சுற்றி எலும்பு நன்றாக இருக்கிறது. காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவன்தானா அந்த ஆளு? உள்ள குடி வந்தவன் நல்லது கெட்டதுக்குக்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேங்குறானே டாக்டரம்மா."

"பேசாம இருக்கற வரைக்கும் நல்லது."

"என் மச்சானும் அப்படித்தான்" என்றார்.

ஜூனியர் பக்கத்து அறையில் சிரித்தான். நல்ல பையன்தான். அவனை வெறுக்கவும் எனக்கு வரவில்லை. எனக்கு எதுவுமே முழுசாக வரவில்லை இந்த மாதம். புத்தகத்தை எடுத்தால் நான்கு வரி. படுத்தால் புரண்டு படுக்க வேண்டும். பாத்திரம் கழுவினால் மட்டும் நேரம் போகிறது. கழுவியதையே கழுவுகிறேன்.

கையில்லை என்று உன் முடிவு வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கைதான் என்று வந்தால் என்ன செய்வேன் என்பது தெரிகிறது. இது தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.


மார்ச் 22

பல்லிக்கு,

இரண்டு குவளைகள். இரண்டிலும் உன் வெதுவெதுப்பான திரவம். ஒன்றில் புது ஃபைல்களை வெட்டும் பகுதி மட்டும் நனையும்படி தொங்கவிட்டேன். மற்றதில் உன்னைப் போல, காம்போடு.

முதல் குவளையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆய்வக வாழ்க்கையின் சலிப்பு முழுவதும் அதில் தெரிந்தது. இரண்டாவதில் கொஞ்ச நேரத்திலேயே காம்பின் கழுத்தருகே குமிழிகள். பிறகு திரவம் பழுப்பாகக் கலங்கியது. எடுத்துப் பார்த்தால் வெட்டும் விளிம்பு நெடுக அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

அடுத்து எல்லாவற்றையும் வளைந்த எஃகுக் குழாய்க்குள் விட்டு உடையும் வரை சுழற்றினேன். என் சீனியர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, தங்கச்சி பாத்திரம் கழுவுற விதத்துக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"ஆமா சார். நம்ம காம்பை அறுத்த விதத்துக்கும்."

அவர் சிரிக்கவில்லை. 'பாதிப்பில்லை' என்று நாங்கள் வெளியே கொடுத்த முடிவுகளை இனி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வாரம் என்னோடு பேசுவதில்லை.

காம்போடு ஊறியவை சீக்கிரம் உடைந்தன. எல்லாமே என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு தாக்குப்பிடித்தன. ஆனால் வித்தியாசம் கண்ணில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. பெரிய டாக்டரின் பழைய ஃபைல்களில் குழி அநேகமாக இல்லை. உன்னுடையவற்றில் உண்டு. சிவப்பு மூடிக்காரனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விரிசல் ஒரு குழியின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. முதல் தடவையும் அது திரையில் இருந்தது. தயாரிப்புக் குறை என்று கடந்துவிட்டேன்.

ஒவ்வொரு முறிவுக்கும் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில்: கையில்லை. கிண்ணம்.

என் துண்டைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடைத்து மூடிய வேருக்குள் அதற்குத் திரவமும் இல்லை, துணைக்கு இன்னொரு உலோகமும் இல்லை. இனி அரிக்காது. தனியாக விட்டால் ஒழுங்காக இருக்கிற ஜாதி. என்னைப் போல.

உனக்குச் சந்தோஷமான செய்தி இன்னொன்றும் உண்டு. படங்களோடு முழு அறிக்கையைப் பெரிய டாக்டருக்கும் அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதம். என் தங்கையின் கையைப் பற்றி நான் அன்று சொன்னது தவறு, அவளுக்கு ரூட் கேனால் வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிட்டேன், இல்லையா?

துரு


மார்ச் 31

அண்ணா,

உன் அறிக்கையை மூன்று தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து வருவது வேறு.

பெரிய டாக்டர் உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. "உங்க அண்ணன் எழுதியிருக்காரும்மா. கை நல்லாத்தான் இருக்காம்." எல்லாரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. நல்ல மனதோடு சிரித்தார்கள், அது இன்னும் மோசம். "நாளையிலேருந்து வேர் வேலை பாருங்க. கிண்ணத்தை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க."

அன்றைக்கு நீ சொன்னதால் என் கை கனம். இன்றைக்கு நீ சொன்னதால் என் கை நல்ல கை. இரண்டு தடவையும் நான் அந்த அறையிலேயே இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அறிக்கையை எனக்கு மட்டும் கொடு, அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்க எனக்குக் கால் இருக்கிறது.

இனி என்னைப் பற்றி யாருக்கும் எழுதாதே. நல்லதாக இருந்தாலும்.

அன்று சாயங்காலமே என் மேசை இழுப்பறையைக் காலி செய்தேன். திங்கட்கிழமை சுழலும் நாற்காலி. மனதில் ஒரு சத்தமும் இல்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ் டிரைவர் வந்தார். இந்தத் தடவை மறுபக்கத்துக் கடைவாய்ப் பல். முகம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஜூனியரின் அறையைக் காட்டினாள். அவர் நகரவில்லை.

"டாக்டரம்மா இல்லையா?"

நான் வெளியே வந்தேன். "அவரு நல்லாப் பாப்பாருங்க. பூப்போல கை."

"பூ எதுக்குங்க எனக்கு? நீங்க பாருங்க."

"போன தடவை என் கையிலதான் உடைஞ்சுது."

"உடைஞ்சுது. உடனே சொன்னீங்க." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "மத்தவங்ககிட்ட உடைஞ்சா சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? படுத்துக்கிட்டு வாயைத் தொறந்து வெச்சிருக்கறவனுக்கு என்ன தெரியும்?"

அவருக்கு உன் அறிக்கை தெரியாது. கிண்ணம் தெரியாது.

உட்கார வைத்தேன். ஊசி போட்டேன். புது ஃபைல்களை ஈரப் பஞ்சில் குத்தி வரிசையாக நிறுத்தினேன். காம்புகள் நனையாமல் மேலே நின்றன. எனக்கு அது அரைகுறைச் சுத்தமாகவே தெரிந்தது, உறுத்திக்கொண்டே இருந்தது.

அண்ணா, கையில்லை என்று உன் படங்கள் சொல்கின்றன, நான் நம்புகிறேன். ஆனால் கை அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. மோட்டார் சுழலத் தொடங்கியதும் விரல் தன்பாட்டுக்கு இறுகியது. நிறுத்தினேன். வெளியே எடுத்தேன். துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தேன். திரும்ப விட்டேன். இரண்டு சுற்று, வெளியே. இரண்டு சுற்று, வெளியே. உதவிக்கு நிற்கும் அக்கா பஞ்சை எடுத்தார். தன் நெற்றியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன், துடைத்தது என் நெற்றியை.

வேரின் முதல் குழல் முடிந்தது. இரண்டாவதும். மூன்றாவது வளைவானது, உன்னுடையதைப் போல. அதன் வாயில் நின்றேன். கை சோர்ந்திருந்தது. சோர்ந்த கையோடு வளைவுக்குள் போகக் கூடாது. இது பயமா புத்தியா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் சொன்னேன், ஒன்று மிச்சம் இருக்கிறது, இன்று வேண்டாம். மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எதுவும் உடையலையே?"

"இல்லை."

"அப்போ எப்ப வரட்டும்?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது, அடுத்த வியாழக்கிழமை என்று. அவர் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது, வியாழக்கிழமை நான் இங்கே இருக்கமாட்டேன். இன்னொரு டாக்டர் அந்தக் குழலின் வாயில் நிற்பார். அது எங்கே வளைகிறது என்று அவருடைய விரலுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியும். நேற்று அது அங்கேதான் நின்றது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு பல்லைத் திறந்துவிட்டேன், பாதியில் இருக்கிறது, என்னால் வர முடியாது என்று. அவர்களுக்கு இது ஒரு காரணமாகப் படாது. படாவிட்டால் போகிறது.